சுத்தியலில் இருந்த யானை

என் கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுதப் பழகி ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு வரி முடிவதற்குள் கை வியர்த்துப் பேனா வழுக்குகிறது. கோடு போட்ட நோட்டுதான். ஆனாலும் என் எழுத்துகள் வேலி தாண்டிய வெள்ளாடு போலக் கோட்டை விட்டு இறங்கிவிடுகின்றன. இந்தக் காகிதத்தை ஆயுத பூஜையன்று கம்பெனியில் உங்கள் முன்னால் நானே வாசிப்பேன். வாசித்த பின் வேதமாணிக்கம் ஐயா படத்துக்குக் கீழே ஒட்டி வைக்கச் சொல்லிக் கேட்பேன். அப்போது நின்று படிக்கிறவர்களுக்காகத்தான் இந்த மன்னிப்பு. நான்கு நாளாக எழுதுகிறேன். அறுபது வயது தாண்டியவனுக்குத் தன் துக்கத்தைத் தன் கையாலேயே எழுத முடிகிறதே என்று நடுநடுவே ஒரு சந்தோஷம் வருகிறது. துக்கக் காகிதத்தில் அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. மறைக்க எனக்கு வராது.

செய்தி செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. செக்கிங் செக்‌ஷனில் வேலை செய்கிற செல்வியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் சர்ச் பள்ளிக்கூடத்தில் என்னைப் போன்ற கிழவர்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பதும் அந்தப் பெண்தான். வேலைக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே ஒரு காலை ஊன்றி நின்றாள்.

"அப்புச்சி, ஸ்டோர்காரரு போயிட்டாருங்க."

"ஊருக்கா கண்ணு? பூசைக்கு இங்கதான் இருப்பேன்னாரே."

"ஊருக்கில்லீங்க. விடியக்காலம் நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சுபோச்சுங்க."

என் மனைவி பாவாத்தாள் கையில் ஈரத்துணியோடு உள்ளேயிருந்து வந்தாள். அவள் அழவில்லை. செல்வியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சொல்லிட்டாரா கண்ணு?"

செல்விக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. சொல்லவில்லை. சொல்வதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். புதியவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் நாச்சிமுத்து. எட்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பனியன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலையில் இருந்தேன். ஒரு நாள் சாயங்காலம் கேட்டில் என் பையிலிருந்து ஒரு சுத்தியலை எடுத்தார்கள். அது கம்பெனிச் சுத்தியல்தான் என்று சொன்னவர் ஸ்டோர்கீப்பர் வேதமாணிக்கம். அது என்னுடையதுதான் என்று இந்த ஆயுத பூஜையில் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்ல இருந்தவரும் அவர்தான். முதல் வார்த்தையை எல்லோரும் கேட்டீர்கள். இரண்டாவது வார்த்தையைக் கேட்டது நானும் பாவாத்தாளும் மட்டும்.

ஆனால் அவர் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவருக்கு நியாயம் செய்தவன் ஆக மாட்டேன்.

அவர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். கம்பெனி திறந்த நாளிலிருந்து ஸ்டோர் சாவி அவரிடம்தான். எந்தக் கைக்கருவியைக் கொடுத்தாலும் யார் செய்தது, எத்தனை வயது என்று சொல்லிவிடுவார். ஒரு நாள் ஒரு வியாபாரி பெட்டி நிறைய ஸ்பேனர் கொண்டுவந்து மேஜைமேல் பரப்பினான். எல்லாம் ஜெர்மன் அயிட்டம் என்றான். வேதமாணிக்கம் ஒன்றை எடுத்தார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் துண்டு வைத்திருப்பார். அதைப் பெயர் இருந்த இடத்தில் தேய்த்து, பனியன் வேஸ்ட் துணியால் துடைத்தார். மேலே இருந்த வெள்ளை போய்விட்டது. குழியில் இருந்த வெள்ளை நின்றது. எழுத்துகள் பளிச்சென்று தெரிந்தன.

"இது ஜெர்மனி இல்லய்யா."

"பேரே போட்டிருக்குதே சார்."

"போட்டிருக்கு. யாரு போட்டான்னுதான் பாக்குதேன். அந்தக் கம்பெனிக்காரன் அச்சுலயே எழுத்த வெச்சு அடிப்பான். எழுத்து உப்பி நிக்கும். இது குழிஞ்சு கிடக்கு. அதுலயும் ஒவ்வொரு எழுத்தாத் தட்டியிருக்கான். பாரும், ரெண்டாவது எழுத்து தூங்கி விழுது."

"நீங்க என்ன சார், ஜோசியரா?"

"ஜோசியன் வரப்போறதச் சொல்லுவான். நான் முடிஞ்சுபோனதத்தான் சொல்லுதேன்."

பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பியவனைப் பிடித்து உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். அவனைத் திருடன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நான் மறக்கவில்லை.

மூடிப்போன ஒரு மில்லிலிருந்து முதலாளி ஒரு சாக்கு நிறையப் பழைய கருவிகள் வாங்கிவந்தபோது, சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் இருவரும் ஒரு விளையாட்டு விளையாடினோம். ஒரு கருவியை எடுத்து என் கையில் கொடுப்பார். அது என்ன வேலை செய்தது என்று நான் சொல்ல வேண்டும். யார் செய்தது, எப்போது செய்தது என்று அவர் சொல்வார். ஓர் உளியைக் கொடுத்தார். அதன் தலை அடிபட்டு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. "இடது கைக்காரன் வெச்சிருந்ததுங்க" என்றேன். அவருக்கு ஒரே குதூகலம். "அண்ணாச்சி, உங்க விரல்ல கண்ணு இருக்கு" என்றார். பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரின் தட்டையான பக்கத்தை என் விரலுக்குக் கொடுத்தார். மணல் மாதிரி நெருநெருத்தது. "தேஞ்சுபோன அரத்தக் காய்ச்சி அடிச்சிருக்கான். அரத்தோட பல்லு இன்னும் போகல. பல்லு ஒண்ணுக்கொண்ணு சமமா இல்ல, பாத்தியளா? கையால வெட்டின அரம். அப்ப இதுக்கு நம்மள விட வயசு கூட" என்றார். ஸ்பேனரில் இஞ்ச் போட்டிருந்தால் தாத்தா, எம்.எம். போட்டிருந்தால் பேரன் என்பார். அவர் அடிக்கடி சொன்னது இது: "கைப்பிடியப் பாத்து ஏமாறாதிய. கைப்பிடி சட்டை மாதிரி, மாத்திக்கலாம். இரும்புதான் ஆளு."

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதை அவர் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. கருவியில் இருக்கும் முத்திரைகளை நான் படமாகத்தான் வைத்துக்கொள்வேன். ஒன்று தேள், ஒன்று கொக்கி, ஒன்று பல்லி. ஆயுத பூஜைக்குக் கருவிகளை வரிசையாக அடுக்குவது அவர் வேலை. அவர் கிறிஸ்தவர், சந்தனம் பூச மாட்டார். மற்றவர்கள் பூசுவதைப் பார்த்து, "நீங்க சாமிக்குப் பூசுதிய. எனக்கு அது சாக்பீஸுக்கு உறவுக்காரன்" என்று சிரிப்பார். சந்தனம் துடைத்த பிறகு எழுத்துக்குள் மஞ்சளாக நிற்பதைக் காட்டுவார்.

இந்தக் கம்பெனி திறந்தபோது ஆறு சுத்தியல்களைப் பொங்கலூர்ப் பட்டறையில் ஒரே நாளில் வாங்கிவந்தவரும் அவர்தான். அந்தப் பட்டறையின் முத்திரை 'மலை'. பட்டறையை வைத்தவர் பெயர் சென்னிமலை. அதன் கடைசி இரண்டு எழுத்து. இது எனக்கு இப்போதுதான் தெரியும். அப்போது அது எனக்கு ஒரு கட்டமும், கட்டத்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்ட இரண்டு வளையமும், ஒரு சுழியும்.

என் வீட்டில் இருந்த சுத்தியலும் அதே பட்டறையில் செய்ததுதான். பாவாத்தாளின் அப்பா கிணறு வெட்டுகிறவர். பாறையில் உளி அடிக்க வைத்திருந்தது. அவர் சாகும்போது இந்தக் கம்பெனிக்கு அஸ்திவாரம்கூடத் தோண்டவில்லை. கேட்டில் என் பையைத் திறந்த அன்று ஒரு புது மெஷினுக்குத் தரையில் போல்ட் இறக்கவேண்டியிருந்தது. நல்ல சுத்தியல் வேண்டும் என்று வீட்டிலிருந்து அதை எடுத்துவந்தேன். முதல் நாள்தான் புதுக் கைப்பிடி போட்டிருந்தேன். அடிபட்டு விரிந்திருந்த முகத்தை மத்தியானம் கம்பெனி கிரைண்டரில் தேய்த்துச் சுத்தம் செய்தேன். நாற்பது வயதுச் சுத்தியல் மாப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டது. என் கையாலேயே அதன் வயதை அழித்தேன்.

சாயங்காலம் ஷிப்ட் விடும்போது வாட்ச்மேன் பையைத் திறந்தார். மேனேஜர் வந்தார். ஸ்டோரில் எண்ணிப் பார்த்தால் ஆறுக்கு ஐந்துதான் இருந்தது. ஆறாவது எங்கே போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யார்மேலும் சந்தேகம் சொல்ல மாட்டேன். சந்தேகம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

டிபன் கேரியரைப் பிடித்தபடி எல்லோரும் நின்றுவிட்டார்கள். வேதமாணிக்கத்தைக் கூப்பிட்டார்கள். அவர் சுத்தியலை வாங்கிப் புரட்டினார். மேனேஜர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். வேதமாணிக்கம் சாக்பீஸை எடுக்கவில்லை.

"மலை" என்றார். "பொங்கலூர்ப் பட்டறை. நம்ம செட்டுதான். வயசு மூணு நாலு இருக்கும்."

"ஏனுங்க, கம்பெனிச் சுத்தியல்ல இருக்கறது வேறைங்க" என்றேன். "அதுல ரெண்டு வளையம் நிக்கும்ங்க. என்னுதுல வளையம் இல்லீங்க. யானை இருக்குதுங்க. தும்பிக்கையத் தூக்கிட்டு நிக்குதுங்க, பாருங்க."

நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். உங்களில் சிலரும் சிரித்தீர்கள். நான் தப்பாக நினைக்கவில்லை, கேட்கிறவர்களுக்கு அது சிரிப்புத்தான்.

"யானையாமா! எந்தக் கோயிலு யானைங்கோ?"

"பாகனை எங்க விட்டுட்டு வந்தீங்க?"

மேனேஜர், "எழுத்துப் படிக்கத் தெரியாதவன் யானையைப் பார்த்தானாம்" என்றார்.

வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. நான் சொன்னதற்காக இன்னொரு தடவை சுத்தியலைத் திருப்பிப் பார்த்தார். பார்த்தார் என்று அன்று நினைத்தேன். படித்தார். "அண்ணாச்சி, ரெண்டுலயும் மலைன்னுதான் போட்டிருக்கு" என்றார், மெதுவாக. அவர் சொன்னது பொய்யில்லை. இரண்டிலும் மலை என்றுதான் போட்டிருந்தது. அதனால்தான் நான் தோற்றேன். மற்ற ஐந்தையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்திருந்தால் தெரிந்திருக்கும். அது யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் அழுதுகொண்டிருந்தேன்.

என் மாமனார் சுத்தியலை ஸ்டோரில் ஆறாவது ஆணியில் மாட்டினார்கள். என்னை வெளியே அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு அருள்புரத்தில் எந்தக் கம்பெனியும் என்னைச் சேர்க்கவில்லை. வாட்ச்மேன்களுக்குள் செய்தி போய்விடும். மங்கலத்தில் ஒரு தறிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்தேன். என் பெயர் யானை ஆகிவிட்டது. டீக்கடைக்குப் போனால், "தள்ளி நில்லுங்கப்பா, யானை வருது" என்பார்கள். நான் சிரித்துக்கொள்வேன். பாவாத்தாளால் முடியவில்லை. களவு என்னோடு நிற்கவில்லை, அவள் அப்பாவின் இரும்புமேல் ஏறிவிட்டது. "கிணத்துக்குள்ள உசுர வெச்சு வேலை செஞ்ச மனுசனுங்க எங்கப்பன். அவரு சுத்தியக் களவுச் சுத்தின்னு ஆணியில மாட்டி வெச்சிருக்கறாங்க" என்று யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். எட்டு வருடமாக அவள் இந்தக் கேட்டைத் தாண்டி நடந்ததில்லை. பஸ் ஏறவேண்டும் என்றால் தோட்டத்து வழியாகச் சுற்றிப் போவாள். இப்போது முழங்கால் வலியோடும் சுற்றித்தான் போகிறாள்.

வேதமாணிக்கமும் நானும் ஒரே ஊரில் இருந்தோம். அவர் இந்தப் பக்கம் வந்தால் நான் அந்தப் பக்கம் போவேன். எட்டு வருடம்.

எழுத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் போனது, வயதாகிச் சைக்கிளை விட்ட பிறகு மங்கலம் பஸ்ஸின் பெயர்ப்பலகையைப் படிக்கத்தான். வேறு காரணம் இல்லை. அ, ஆ முடிந்து, கை, தை, மை என்று செல்வி எழுதிக்கொண்டு வந்தாள். எனக்கு ஒவ்வோர் எழுத்தும் ஒரு பண்டிகை. வீட்டுச் சுவரெல்லாம் கரியால் எழுதி பாவாத்தாளிடம் திட்டு வாங்கினேன். ஒரு நாள் கரும்பலகையில் 'மலை' என்று எழுதினாள். கட்டம். இரண்டு வளையம். சுழி. கம்பெனிச் சுத்தியல்.

"கண்ணு, அந்த ரெண்டு வளையம் என்ன?"

"அது ஐகாரம்ங்க அப்புச்சி. லகரத்துக்கு முன்னால போட்டா லை."

"வளையம் இல்லாத லை இருக்குதா? தலையில தும்பிக்கை வெச்ச மாதிரி?"

செல்வி சிரித்தாள். "அது உங்களுக்கு எப்படித் தெரியும்? பழைய எழுத்துங்க அது. எங்கம்மா அப்படித்தான் எழுதும். நான் பள்ளிக்கூடம் சேர்றதுக்கு முன்னாலயே அரசாங்கத்துல மாத்திட்டாங்க." பக்கத்தில் அதையும் எழுதிக் காட்டினாள். லகரத்தின்மேல் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு என் யானை கரும்பலகையில் நின்றது.

நான் தேம்பித் தேம்பி அழுதேன். கண்ணில் சாக்பீஸ் தூள் விழுந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும் அவர் வெளியே வரும் வழியில் நின்றேன். எட்டு வருடத்தில் முதல் தடவையாக முன்னால் போனேன். சுவர் ஓரத்துக் கல்பெஞ்சில் சாக்பீஸால் இரண்டு மலையையும் எழுதினேன், ஒன்று வளையம் வைத்தது, ஒன்று யானை வைத்தது. நான் எழுதுவதைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அண்ணாச்சி! எழுதப் பழகிட்டியளா!" என்றார். அந்த மனிதருடைய முதல் வார்த்தை அதுதான். எனக்காகச் சந்தோஷப்பட்டார்.

"என்னோட சுத்தியல்ல இதுல எது இருக்குதுன்னு மட்டும் பாருங்க" என்றேன்.

சிரிப்பு நின்றது. என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். அதை இரண்டாக ஒடித்து ஒரு துண்டை என்னிடமே கொடுத்துவிட்டு, மற்றதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் வாசலில் வந்து நின்றார். பாவாத்தாள் அவரை உட்காரச் சொல்லவில்லை. "எட்டு வருசமா எங்கப்பனைக் களவாணியாக்கி ஆணியில மாட்டி வெச்சிருக்கறீங்க. நடந்து வந்திருக்கறீங்க, தண்ணி குடிக்கறீங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள். அதுதான் அவரைச் சுட்டது.

"குடுங்க தாயி" என்றார். குடித்துவிட்டு, சட்டைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தார். ஆறு சுத்தியல் முத்திரையின்மேலும் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்திருந்தார். கருப்புக்குள் வெள்ளையாக எழுத்து. ஐந்தில் இரட்டை வளையம். ஒன்றில் யானை.

"அப்பன் காலத்து முத்திரை பழைய எழுத்து. அது தேஞ்சதும் மகன் புதுசு வெட்டியிருக்கான். பள்ளிக்கூடத்துல புது எழுத்துப் படிச்ச பய. நான் ஆறும் வாங்குனது மகன்கிட்ட. ஒரு லைய வெச்சே வயசு சொல்லிரலாம் அண்ணாச்சி. எட்டு வருசமா தினமும் தொட்டு எண்ணியிருக்கேன்." யானை இருந்த முத்திரைமேல் விரலை வைத்தார். "கைப்பிடி புதுசு. மூஞ்சி தேச்சது. அதுல ஏமாந்தேன், சரி. ஆனா நீங்க யானைன்னு சொன்னிய. சொன்ன பிறகும் எனக்குத் தெரியல. எழுத்துத் தெரியாதவனா இருந்திருந்தா கண்டுபிடிச்சிருப்பேன். நீங்க பாத்திய அண்ணாச்சி. நான் வாசிச்சேன்."

நாளைக்கே முதலாளியிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். அவர் தலையை ஆட்டினார். "கேட்ல எல்லாரு முன்னாலயும் சொன்ன வார்த்தை. தனியாப் போயிச் சொன்னா எனக்குச் சுளுவு, உங்களுக்கு என்ன? ஆயுத பூசைக்கு மூணு வாரந்தான் இருக்கு. எல்லாரும் இருப்பாவ. சுத்தியலத் தாயி கையில குடுத்துச் சொல்லுதேன்."

அவர் தண்ணீர் குடித்த செம்பைப் பாவாத்தாள் வாங்கிக்கொண்டாள். "எல்லாரும் இருக்கறப்பவே சொல்லுங்க. நானும் வர்றனுங்க" என்றாள். நானும் ஒத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரம் காத்திருக்க ஒத்துக்கொண்ட என் நாக்கை இப்போது அறுத்துப் போடலாம்போல இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். வேன் தெற்கே கிளம்பும் முன் முகம் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தில் சாக்பீஸ் வெள்ளை இருந்தது. அவர் வீட்டம்மா என்னைப் பார்த்து, "உங்களுக்கு ஒரு கடமை பாக்கி இருக்கு, பூசையன்னைக்குச் செய்யணும்னு சொல்லிட்டே இருந்தாவ. வெள்ளச் சட்டைகூட தேச்சு வெச்சாவ. என்னன்னு எனக்குச் சொல்லல" என்று அழுதார்கள். அந்த வெள்ளைச் சட்டையைத்தான் அவருக்குப் போட்டிருந்தார்கள்.

புதன்கிழமை கம்பெனி கேட்டுக்குப் போனேன். "யானை திரும்பி வந்துருச்சு" என்றார் வாட்ச்மேன். மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அவர் இருக்கறப்ப எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. செத்தவர் வாயில நீ வார்த்தையைப் போடறயா?" என்றார். வேதமாணிக்கம் என்னிடம் விட்டுப்போயிருந்த ஆறு முத்திரைக் காகிதத்தை விரித்துக் கையில் கொடுத்தேன். அவர் ஒரு பார்வை பார்த்தார்.

"ஆறுலயும் மலைன்னுதானே இருக்குது?"

ஒரே சொல்லில் இரண்டாவது தடவையாகத் தோற்றேன். பிறகு அவர் என் முகத்தைப் பார்த்து என்ன நினைத்தாரோ, "படத்துக்கு மாலை போடறப்ப நீயும் ரெண்டு வார்த்தை பேசிக்க. சுத்தியல் பேச்சு வேண்டாம்" என்றார்.

அதனால்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். வாயால் பேசினால் நிறுத்திவிடலாம். நான் வாசிக்கும்போதும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னால் நிறுத்திவிடுவேன், சண்டை போட மாட்டேன். மீதியை நீங்கள் ஒவ்வொருவராக நின்று படியுங்கள். கோணல் எழுத்துதான், ஆனாலும் படிக்கலாம், செல்வி பார்த்துத் திருத்தியிருக்கிறாள். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் ஒருவர் வாய்க்குத்தான் இங்கே மதிப்பு இருந்தது. அந்த வாயை மண்ணில் வைத்துவிட்டார்கள். திருடன் என்று பெயர் வாங்கியவன், தான் திருடன் இல்லை என்று இறந்தவர் சொன்னதாகச் சொல்கிறான். நானே உங்கள் இடத்தில் இருந்தால் நம்புவேனா என்று நான்கு நாளாகக் கேட்டுக்கொள்கிறேன்.

அவரைக் குறைசொல்ல வந்ததாக மட்டும் நினைக்காதீர்கள். ஆயிரம் கருவியில் ஒன்றுதான் தப்பாகச் சொன்னார். தப்பு என்று தெரிந்த மறுநாளே, அவமானப்பட்டவன் வாசலுக்கு நடந்து வந்து, நின்றபடி தண்ணீர் வாங்கிக் குடித்தார். காகிதத்தைத் தேய்த்து எடுக்காமல், பார்த்தேன் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. ஸ்டோருக்குள் என்னை யாரும் விட மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை மூன்று. ஆறு முத்திரை தேய்த்த காகிதம். ஒடித்துக் கொடுத்த பாதிச் சாக்பீஸ். "நீங்க பாத்திய, நான் வாசிச்சேன்" என்ற சொல். படிக்கப் பழகியதிலிருந்து எனக்கும் அந்த வியாதி வந்துகொண்டிருக்கிறது. பஸ் பலகையைப் பார்த்தால் ஊர் தெரிகிறது, எழுத்தின் உருவம் தெரிவதில்லை. அப்போதெல்லாம் அந்தச் சொல்லை நினைத்து, நின்று ஒரு தடவை பார்க்கிறேன். இதை எழுதும்போதும் ஒவ்வொரு லை வரும் இடத்திலும் பேனாவைத் தூக்கிவிட்டுப் பார்க்கிறேன். எனக்கு எல்லா எழுத்திலும் பிடித்த எழுத்து அதுதான்.

அடுத்த வாரம் அவர் வீட்டம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதுவேன். அவர் செய்ய இருந்த கடமை என்ன என்பதையும், அது இன்று நடந்ததா இல்லையா என்பதையும் அதில் எழுத வேண்டும். என்ன எழுதுவது என்பது இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

பாவாத்தாள் கேட்டுக்கு வெளியே நிற்கிறாள். உள்ளே வந்து நின்று கேட்கத்தான் ஆசைப்பட்டாள். ஆனால் யாராவது கூப்பிடாமல் வர மாட்டாள். ஸ்டோர் மேஜையில் ஆறு சுத்தியல்களையும் அடுக்கிச் சந்தனம் பூசியிருக்கிறீர்கள். யாராவது ஒருவர் துணியை எடுத்து அந்தச் சந்தனத்தைத் துடையுங்கள். மேலே இருப்பது போய்விடும், எழுத்துக்குள் இருப்பது நிற்கும். ஆறையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். படிக்க வேண்டாம். பாருங்கள்.